வடக்குச் சுவரின் இரும்பு வளையம்

“வடக்குப் பக்கத்து முட்டுச்சுவர் திருவிழாவுக்கு முன்னர் இடித்து அகற்றப்படும். மறுப்பு உள்ளவர்கள் பங்குத்தந்தையை நேரில் சந்திக்கவும்.” ஏப்ரல் 28 என்று திகதியிட்டு எங்கள் கோவிலின் தெற்குக் கதவில் ஒட்டியிருந்த அறிவித்தல் இது. ஆண்டு போடவில்லை. எங்கள் பங்கில் எந்த அறிவித்தலிலும் ஆண்டு போடுவதில்லை. அடுத்த வருடம் இதை யார் வாசிக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. நான் கைப்பையிலிருந்து பேனையை எடுத்து ஆண்டை எழுதிவிட்டு மறுபடி வாசித்தேன். அதற்குப் பிறகு பூசையில் மனம் நிற்கவில்லை.

பெரிய சுவரொன்று வெளியே சாயாதபடி அதன் முதுகில் முண்டுகொடுத்து நிற்கும் சரிவான கட்டுமானத்தைத்தான் முட்டுச்சுவர் என்கிறோம். எங்கள் கோவிலில் அப்படி ஒன்றே ஒன்று இருக்கிறது. வடக்குச் சுவரின் நடுவில், கடலைப் பார்த்தபடி. தெற்கே அதற்குச் சோடி இல்லை. நான் வாசித்த கட்டடக்கலைப் புத்தகங்களில் முட்டுச்சுவர்கள் சோடி சோடியாகவே வருகின்றன. கூரையின் பாரம் இரண்டு பக்கமும் தள்ளும். ஆகவே இரண்டு பக்கமும் முண்டு வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முண்டு வைத்தவர் எதற்கு வைத்தார் என்ற கேள்வி பல வருடமாக என்னிடம் இருந்தது. பங்கின் வரலாற்றை ஒரு சிறு நூலாக எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் அரைப் பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்திருந்தேன்.

கோவில் தீவின் வடகரையில் இருக்கிறது. முகப்பு மேற்கே, பீடம் கிழக்கே. தெற்கே வீதி. வடக்கே மணலில் ஒரு ஒடுங்கிய பாதை, அதற்கு அப்பால் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கல் அணை, வள்ளம் இழுக்க அதில் விட்ட ஒரு இடைவெளி, பிறகு கடல். சுவர்கள் கடலில் வெட்டிய முருகைக்கல், சாந்து சுட்ட சிப்பிச் சுண்ணாம்பு. 1964 மார்கழிப் புயல் கூரை ஓடுகளைக் கொண்டுபோனது, சுவரை விட்டுவிட்டது. 1990 போர் இடப்பெயர்வில் ஞானஸ்நானப் புத்தகங்கள் எங்கே போயின என்று எவருக்கும் தெரியாது. திரும்பி வந்தபின், நல்லெண்ணத்தோடு, சுவர் முழுவதற்கும் சிமெந்து பூசினோம். சுண்ணாம்புச் சுவர் உப்பை வெளியே விட்டு மூச்சுவிடும். சிமெந்து அதன் வாயைப் பொத்திவிடும். இதை நான் படித்து அறிந்தபோது பூச்சு காய்ந்து பல காலம் ஆகியிருந்தது.

முட்டுச்சுவரை இடிக்கக் காரணம் கூடு. திருவிழாவன்று எங்கள் பாதுகாவலரான புனிதரின் சுரூபத்தைக் கூட்டில் வைத்துத் தோளில் சுமந்து கோவிலைச் சுற்றிவருவோம். கருங்கல் அணை வந்ததிலிருந்து வடக்குப் பாதையில் கூடு மட்டுமட்டாகத்தான் போகும். போன வருடம் முட்டுச்சுவருக்கும் அணைக்கும் நடுவில் கூடு இறுகிவிட்டது. செபமாலையில் பத்து மணி கொண்ட ஒரு காரணிக்கம் முடியும்வரை பாதுகாவலர் அங்கேயே நின்றார். “அவருக்குக் கடல் பாக்க ஆசை வந்திட்டுது” என்று பெடியள் சிரித்தார்கள். கூட்டின் ஒரு மூலை உரசி உடைந்தது. அதை அபசகுனமாகச் சிலர் எடுத்துக்கொண்டார்கள்.

பங்குத்தந்தை இளையவர், பெருநிலப்பரப்பிலிருந்து மாற்றலாகி வந்தவர். அன்று பூசை முடிந்ததும் அவரிடம் போனேன்.

“அன்ரி, உது எந்தக் காலத்துக் கட்டு?” என்று அவரே முந்திக்கொண்டார். “ஒல்லாந்தர் கட்டினதெண்டு சனம் சொல்லுது. அப்பிடியெண்டால் கொழும்புத் தொல்லியல் திணைக்களத்துக்கு எழுதிக் கேக்கவேணும். இல்லையெண்டால் நாளைக்கே மேசனைப் பிடிப்பன்.”

“ஒல்லாந்தர் 1658 இலை தீவைப் பிடிச்சவங்கள், ஃபாதர். கத்தோலிக்கரைக் கோவில் கட்ட விட்டவங்கள் இல்லை.”

“அப்ப போர்த்துக்கேயரோ?”

“தெரியாது.”

“உங்களுக்கே தெரியாதெண்டால்?”

“தெரியாதெண்டு எழுதலாம், ஃபாதர். தெரியாததை இடிக்கலாமோ?”

அவர் சிரித்தார். ஆனால் மேசனைக் கூப்பிடவில்லை. இரண்டு கிழமை தந்தார்.

அந்த வாரமே அளவு நாடாவோடு வடக்குப் பக்கம் போனேன். முட்டுச்சுவருக்கு அருகில், இடுப்பளவு உயரத்தில், சுவரில் ஒரு இரும்பு வளையம் இருக்கிறது. கை நுழையும் அளவு பெரியது. துரு ஏறித் தடித்தது. வள்ளம் கட்டிய வளையம் என்று எல்லோரும் சொல்வார்கள். கடல் ஒரு காலத்தில் அவ்வளவு கிட்ட இருந்ததாம். அந்த வளையத்திலிருந்து யன்னலின் அடிவரை, தலைமயிர் அளவில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. பூச்சு மட்டும்தான் வெடித்திருக்கும் என்று நினைத்து ஒரு கரண்டியால் சுரண்டினேன். பூச்சு உதிர்ந்தது. கீழே முருகைக்கல்லின் பொருத்திலும் அதே வெடிப்பு இருந்தது. சுரண்டுவதை அங்கேயே நிறுத்தினேன். ஏனென்றால் அந்தச் சுவரின் உட்பக்கத்தில்தான் பாட்டுக்காரர் இருப்பார்கள். என் கணவர் அங்கே ஆர்மோனியம் வாசிப்பவர். அவருடைய கதிரையின் முதுகு சரியாக அந்த இடத்தில் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

நான் வேலை செய்த காலம் முழுவதும் மலேரியா ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியில் இரத்தப் பூச்சுப் பார்த்தவள். பூச்சை இடும் மெல்லிய கண்ணாடித் துண்டுக்கு வழுக்கி என்று பெயர். ஓய்வுபெற்ற பின்னும் வீட்டில் ஒரு பெட்டி வழுக்கி கிடந்தது. வெடிப்புக்குக் குறுக்கே கண்ணாடியை ஒட்டிவைத்தால், சுவர் கொஞ்சம் அசைந்தாலும் கண்ணாடி உடையும் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். ஒரு வழுக்கியில் திகதியை எழுதி, இரண்டு முனையையும் பசையால் கல்லோடு ஒட்டினேன். நோயாளியின் பெயர் எழுதும் இடத்தில் “வட சுவர்” என்று எழுதினேன்.

பங்குத்தந்தை வந்து குனிந்து பார்த்தார்.

“சரி, அன்ரி. கொடியேற்றம் வரைக்கும் பாப்பம். உது உடையாட்டி சுவர் அசையேல்லை. அசையாத சுவருக்கு முண்டு எதுக்கு? இடிச்சுவிடுவம்.”

“உடைஞ்சால்?”

“உடைஞ்சால் வடக்குப் பக்கம் ஒருத்தரும் இருக்கேலாது.”

அந்த ஏற்பாட்டில் எனக்கு முதலிலேயே ஒரு பயம் இருந்தது. உடையாத கண்ணாடி, முண்டோடு சுவர் நிற்கிறது என்று மட்டும்தான் சொல்லும். முண்டை எடுத்தால் நிற்குமா என்று சொல்லாது. இதை அவரிடம் சொன்னேன். அவர் யோசித்தார், ஆனால் கூடு போகவேண்டும், திருவிழா யூனில். ஆக, கண்ணாடி உடைந்தாலும் பயம், உடையாவிட்டாலும் பயம். தினமும் காலைப் பூசைக்கு முன் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை போய்ப் பார்த்தேன்.

வீட்டில் கணவரிடம் கதிரையைத் தெற்குப் பக்கம் மாற்றச் சொன்னேன்.

“தெற்கிலை நிண்டு பாடினால் சத்தம் வீதியிலை போற பஸ்சோடை போயிடும். நீர் சுவரைப் பாரும், நான் சுருதியைப் பாக்கிறன்.”

“விழுந்தால்?”

“விழுந்தால் திருவிழாப் பாட்டுக்கு ஒருத்தரும் குறை சொல்லேலாது.”

அவர் எதையும் இப்படித்தான் எடுப்பார். ஆனால் ஒரு ஞாயிறு, பாட்டுப் பழக்கம் முடிந்து வந்து, “ஆர்மோனியத்திலை திரும்பவும் மா கொட்டியிருக்கு” என்றார். சுவரிலிருந்து வெள்ளைப் பொடி விழுகிறதாம். எப்போதிருந்து என்று கேட்டேன். கரையில் நின்று இழுக்கும் கரைவலைக் காலம் தொடங்கின கையோடு என்று நினைவாம். அவருக்குத் திகதி நினைவிருக்காது. மீன் விலை இறங்கிய நாள்தான் நினைவிருக்கும்.

பொடி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் போனேன். பாட்டுக்காரரின் தலைக்கு மேலே அல்ல, கதிரையின் முதுகுக்குப் பின்னால், சுவரில் ஒரு இரும்புச் சிலுவை பதிந்திருக்கிறது. நான்கு கையும் ஒரே நீளம். பிள்ளைகளுக்கு வருத்தமென்றால் பெண்கள் அதைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். எண்ணெய் பூசிப் பூசி அது கறுத்து மினுங்கும். என் நூலின் வரைவில் அதைப் பற்றி, “போர்த்துக்கேயர் காலத்ததாக இருக்கலாம்” என்று எழுதியிருந்தேன். இப்போது அந்தச் சிலுவையைச் சுற்றித்தான் பூச்சு பொரிந்து, வெள்ளை வெள்ளையாக நின்றது. உப்பு என்று நினைத்தேன். சிமெந்தைக் குற்றம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மே நடுப்பகுதியில், ஒரு வியாழக்கிழமை, முதல் வழுக்கி குறுக்கே உடைந்திருந்தது.

ஒரு பாதி கல்லோடு இருந்தது, மற்றப் பாதி அதைவிட்டு மயிரிழை விலகி நின்றது. நான் அதைத் தொடாமல் நேரே பங்குத்தந்தையிடம் போனேன். அவர் காலைத் தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடிவந்தார்.

“ஆராவது தட்டியிருப்பினமோ?”

“தட்டினால் நொறுங்கும், ஃபாதர். இது இழுபட்டு உடைஞ்சிருக்கு.”

மேசனிடம் இடிக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். அது எனக்கு வெற்றியாகத் தெரியவில்லை. சுவர் அசைகிறது என்று நிரூபித்துவிட்டேன். ஏன் என்று சொல்ல முடியவில்லை. அசைகிற சுவருக்குக் கீழே சனத்தை எப்படி இருத்துவது? திருவிழாப் பூசையைக் கடற்கரையில் பந்தல் போட்டு வைக்கலாமா என்று அருட்பணிச் சபையில் கேட்டார். சபை கொதித்தது. “இடம்பெயர்ந்த காலத்திலை கொட்டிலுக்கை கும்பிட்டது காணாதோ? கோவில் இருக்க வெளியிலை பூசையோ?” என்றார் ஒருவர். இன்னொருவர் என்னைப் பார்த்து, “ஒரு கண்ணாடித் துண்டை நம்பி நாலு தலைமுறைச் சுவரைச் சந்தேகப்படுறியள்” என்றார். எத்தனை தலைமுறை என்று அவருக்கும் தெரியாது.

இரண்டாவது வழுக்கியை ஒட்டினேன். அது பல நாள் நின்றது. ஒவ்வொரு நாளும் அது முழுதாக இருப்பதைப் பார்க்கும்போது, சுவர் அடங்கிவிட்டது என்று ஒரு ஆறுதல் வரும். வீடு வந்து சேருவதற்குள் அது போய்விடும். பிறகு அதுவும் அதே மாதிரி, அதே இடத்தில் உடைந்தது. அன்றும் ஆர்மோனியத்தில் மா. தானாகச் சாயும் சுவர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். இது பல நாள் சும்மா நின்று, ஒரே நாளில் துள்ளுகிறது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தால் கிருமி உள்ளே இருக்கிறது என்று எனக்குத் தொழில் பழக்கியிருந்தது.

ஆகவே, விடியுமுன்னமே போகத் தொடங்கினேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கோவில் மூலையைத் திரும்பும்போது ட்ராக்டர் சத்தம் கேட்டது.

கருங்கல் அணையின் இடைவெளிக்கு அப்பால், ஈர மணலில் ட்ராக்டர் கடலைப் பார்த்து நின்றது. அதன் பின்னாலிருந்து ஒரு புதுக் கயிறு, நீல நிறம், நேரே பாதையைக் கடந்து வந்து சுவரின் இரும்பு வளையத்தில் முடிந்திருந்தது. ட்ராக்டர் மெல்ல நகர, கயிறு மணலைவிட்டு எழும்பி, தண்ணீரைச் சிந்தி, விறைத்து நின்றது. எங்கள் ஊர்க் கரைவலைச் சம்மாட்டி, அதாவது வலையின் சொந்தக்காரர், வளையத்துக்குப் பக்கத்தில் நின்று கயிற்றைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி அவருடைய ஆட்கள், தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

“நிப்பாட்டுங்கோ” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கையைக் காட்டினேன்.

“என்னக்கா, பூசைக்கு நேரமாச்சோ?” என்றார் சம்மாட்டி.

“உது என்ன செய்யிறியள்?”

“கயிறு பாக்கிறம். புதுக் கயிறு இந்த வளையத்திலை கட்டி இழுத்துப் பாத்துத்தான் எங்கடை கடலுக்கை இறங்கும். அப்பு காலத்து வழக்கம். உங்களுக்குத் தெரியாதோ? கோவில் வரலாறு எழுதுறியளாம்.”

“அக்கா இரத்தத்திலை கிருமி பாத்தவ” என்றான் ட்ராக்டரில் இருந்தவன். “கயித்திலை பாக்கேல்லை.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உண்மையில் தெரியாது. நான் கரைக்கு மீன் வாங்கப் போகிறவள், வலைக்குப் போகிறவள் அல்ல. கோவில் வரலாற்றுக்கு நான் கேட்டதெல்லாம் மூப்பர்மாரையும் பாட்டுக்காரரையும்தான். அவர்களில் கரைவலைக்காரர் ஒருவரும் இல்லை.

“முந்தி ஆள்தானே பிடிச்சு இழுத்திருக்கும்?” என்றேன்.

“முந்தி வலையையும் ஆள்தானே இழுத்தது. இப்ப வலையை ட்ராக்டர் இழுக்குது. அதுக்கு ஆள் இழுத்துப் பாத்த கயிறு காணுமோ? நீங்களே சொல்லுங்கோ.”

அவருடைய கணக்கில் பிழை இல்லை. அவர் தன் ஆட்களில் ஒருவரைக் கூப்பிட்டு, அவருடைய முகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தாடை ஒரு பக்கம் கோணியிருந்தது. கொரோனாவுக்குக் கோவில் பக்கம் ஒருவரையும் விடாத நேரம் வாங்கிய கயிறாம். வளையத்தில் பார்க்காமல் கடலுக்குள் போனதாம். ட்ராக்டரின் உருளை வலைக் கயிற்றைச் சுற்றும்போது அறுந்து, சவுக்குப் போலத் திரும்பி அடித்ததாம்.

“சுவர் விழுந்தால் கட்டலாம், அக்கா. இவன்ரை பல்லை ஆர் கட்டுறது?”

“கட்டித்தானே இருக்கு” என்று வாயைத் திறந்து காட்டினார் அந்த ஆள். “ரெண்டு பல்லு ஆசுப்பத்திரிப் பல்லு.”

கயிற்றைத் தளர்த்தச் சொன்னேன். நான் உள்ளே போனதும் வளையத்தைக் கையால் பிடித்து ஆட்டும்படி சம்மாட்டியைக் கேட்டுக்கொண்டேன். உள்ளே இருட்டு. கணவரின் கதிரையைத் தள்ளிவிட்டு, உள்ளங்கையை இரும்புச் சிலுவையில் வைத்தேன். சிலுவை நடுங்கியது. வெளியே அவர் நிறுத்தினார், அதுவும் நின்றது. மறுபடி ஆட்டினார், மறுபடி நடுங்கியது. வெள்ளைப் பொடி என் மணிக்கட்டில் விழுந்தது.

வளையத்தின் கம்பி சுவரை ஊடறுத்து வந்து, உட்பக்கத்தில் இந்த நான்கு கைகளில் முடிகிறது. வெளியே இழுக்கும் பாரத்தைச் சுவரின் பரப்பில் பிரித்துக் கொடுக்கும் தகடு அது. அப்படித் தகடு வைத்தவர்தான், சுவர் வெளியே வந்துவிடாதபடி பக்கத்திலேயே முண்டும் கொடுத்திருக்க வேண்டும். கூரைக்காக அல்ல, கயிற்றுக்காக. அதனால்தான் தெற்கே சோடி இல்லை. அரைப் பக்கத்துக்கு விடை கிடைத்தது. ஆனால் அந்த நேரம் எனக்குள் எழுந்தது சந்தோசமல்ல. முட்டுச்சுவரை இடித்த பிறகு இந்த ட்ராக்டர் ஒரு தடவை இழுத்திருந்தால்? சுவர் பாதையில் விழும், கூரை பாட்டுக்காரர்மேல் விழும். கண்ணாடி உடையாமல் இருந்திருந்தால், அந்த ஏற்பாட்டின்படி நானும் அதற்குச் சம்மதித்திருக்க வேண்டும்.

காலைப் பூசை முடிந்ததும் பங்குத்தந்தையை வளையத்தடிக்குக் கூட்டிவந்தேன். சம்மாட்டி காத்துக்கொண்டிருந்தார்.

“இனி இதிலை ஒரு கயிறும் கட்டேலாது” என்றார் பங்குத்தந்தை.

“சரி, ஃபாதர். கயிறு அறுந்து ஆரும் போனால் பூசை வைக்கிறதும் நீங்கள்தானே.”

அந்தக் கருங்கல் அணையில் ஒரு பெரிய கல்லில் கட்டி இழுக்கலாமே என்றேன் நான்.

“அது லொறியிலை வந்த கல்லு, அக்கா. வளையம் எங்கடை பாதுகாவலற்றை முதுகிலை இருக்கு.”

“கல்லை நான் ஆசீர்வதிக்கிறன்” என்றார் பங்குத்தந்தை.

“நீங்கள் ரெண்டு வருசத்திலை மாத்தலாகிப் போயிடுவியள், ஃபாதர். வளையத்துக்கு மாத்தல் இல்லை.”

பங்குத்தந்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகுதான் பேச்சு ஒரு வழிக்கு வந்தது. முட்டுச்சுவர் இருக்கும். கூட்டை வடக்குப் பாதையில் மட்டும் தோளிலிருந்து இறக்கி, காவுதடியைக் கழற்றிக் கையால் தூக்கிப் போவது. திருவிழா முடிந்ததும் இடைவெளிக்குப் பக்கத்தில் கொங்கிறீற்றுத் தூண் ஒன்று நட்டு, இந்த வளையத்தையே கழற்றி அதில் பொருத்துவது. அதுவரை கயிறு பார்ப்பதில்லை.

கடைசி வரிதான் சம்மாட்டிக்குச் சிக்கலாக இருந்தது. அவரிடம் இன்னுமொரு புதுக் கயிறு, வலை வைக்கும் கடலோரக் கொட்டிலான வாடியில் இருந்தது. பழையது நைந்துபோனது. சூடை மீன் கரைக்கு வந்திருந்த நேரம். வலையைக் கட்டிவைத்துவிட்டுக் காத்திருக்க முடியாது.

“பாக்காத கயித்தோடை போறன்” என்றார். “ஆனால் ஒண்டு, அக்கா. சுவரைப் பாத்தமாதிரி கயித்தையும் வந்து பாருங்கோ.”

குத்திச் சொன்னாரோ உண்மையாகச் சொன்னாரோ, நான் போனேன். வளையத்தடியில் மூன்றாவது வழுக்கியையும் ஒட்டினேன், அன்றிலிருந்து என் காலைக்கு இரண்டு பயம். கோவிலில் மூன்றாவது வழுக்கியைப் பார்த்துவிட்டு, இடைவெளியால் கரைக்கு இறங்கி, ட்ராக்டர் கயிற்றைச் சுற்றும்வரை நிற்பேன். கயிறு விறைக்கும்போது மணலில் ஒரு முனகல் கேட்கும். ஆட்கள் விலகி நிற்பார்கள். கோணல் தாடைக்காரர் மட்டும் எல்லோரையும்விடத் தள்ளி, ஒரு வள்ளத்துக்குப் பின்னால் நிற்பார். நான் அவருக்குப் பக்கத்தில் நிற்கப் பழகிக்கொண்டேன். “சுவருக்கு நீங்கள் வைச்ச கண்ணாடி மாதிரி இதுக்கும் ஒண்டு இல்லையோ?” என்று ஒரு நாள் கேட்டார். இல்லை என்றேன். “அப்ப கும்பிடுங்கோ” என்றார். வலை வந்தது. கயிறு தாங்கியது. அடுத்த நாளும் தாங்கியது. ஒவ்வொரு நாளும் தாங்கியது அடுத்த நாளுக்கு எதையும் நிரூபிக்கவில்லை.

கொடி ஏறியது. நவநாள் நடந்தது. நவநாளில் ஒருவரும் வலை வளைப்பதில்லை என்பதால் கயிற்றுப் பயம் ஒன்பது நாளுக்கு ஓய்ந்தது. சுவர்ப் பயம் அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டது. பங்குத்தந்தை பூசையை உள்ளேயே வைப்பதென்று முடிவெடுத்தார். இழுவை நின்றால் அசைவும் நிற்கும் என்று அவரிடம் சொன்னது நான். அந்த வாக்கு என்னுடையது. மூன்றாவது வழுக்கி முழுதாக இருப்பதை நாங்கள் இருவரும் திருவிழாவுக்கு முந்தின மாலை, வேஸ்பர் ஆராதனைக்கு முன் பார்த்தோம். அவர் தன் கைபேசியில் அதைப் படமும் எடுத்தார்.

திருவிழா அன்று நான் தெற்குப் பக்கம், தூணுக்கு அருகே இருந்தேன். அங்கிருந்து வடக்குச் சுவர் முழுவதும் தெரியும். கணவர் தன் வழமையான கதிரையில், சிலுவையில் முதுகு படும்படி இருந்தார். பாட்டு உயரும்போது சனம் பீடத்தைப் பார்க்கும். நான் ஆர்மோனியத்தின் மேல்மூடியைப் பார்த்தேன். கறுப்பு மூடி. பொடி விழுந்தால் தெரியும். நன்றிப் பாட்டு முடியும்வரை அது கறுப்பாகவே இருந்தது.

பிறகு கூடு. வடக்குப் பாதையில் இறக்கிக் கையில் எடுத்தார்கள். சம்மாட்டி முன்னால் நின்று, வள்ளம் தள்ளுகிறவர்களுக்குச் சொல்வது போல, “மெல்ல, மெல்ல, இப்ப கரைப்பக்கம்” என்று சொல்லிக்கொண்டு வந்தார். முட்டுச்சுவரைக் கடக்கும்போது கூடு சற்றுச் சரிந்தது, யாரோ தாங்கிக்கொண்டார்கள். பாதுகாவலர் கடந்து போனார். சனத்தோடு நானும் போனேன். கணவர் வந்து, “பாத்தீரோ, நிக்குது” என்றார். நான் அவரைத் திருப்பிச் சட்டையின் முதுகைப் பார்த்தேன். வெள்ளை இல்லை.

சனம் கலைந்தபின் வளையத்தடிக்குப் போனேன். மூன்றாவது வழுக்கி உடைந்திருந்தது.

முதல் இரண்டும் இழுபட்டு விலகி நின்றன. இதில் ஒரு முனை நொறுங்கியிருந்தது, மறுமுனையில் குறுக்கே ஒரு கோடும் இருந்தது. கூட்டின் மூலை தட்டியிருந்தால் நொறுங்கும். சுவர் அசைந்திருந்தால் கோடு விழும். இரண்டும் எப்படி ஒன்றில்? மணலில் ட்ராக்டர் தடம் இருந்தது. ஆனால் வெளிச்சத்துக்கு மின்பிறப்பாக்கியை இழுத்துவந்ததும் ட்ராக்டர்தான். சம்மாட்டியைக் கேட்டேன்.

“தொடேல்லை, அக்கா. பாதுகாவலர்மேலை சத்தியம்.”

“கயிறு?”

“வாடியிலைதான் கிடக்கு. வந்து பாருங்கோ.”

போய்ப் பார்த்தேன். கிடந்தது. ஒன்பது நாளாகக் கடலில் இறங்காத கயிற்றின் முனை ஈரமாக இருந்தது. ஆனால் வாடி கடலோரம், காற்றுக்கு அலைத் தூவானம் உள்ளேயும் வரும். முனையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

தூணுக்குக் குழி வெட்டியாகிவிட்டது. கொங்கிறீற்று இன்னும் போடவில்லை. வளையம் சுவரிலேயே இருக்கிறது. நான்காவது வழுக்கியை ஒட்டியிருக்கிறேன். இன்று காலை முழுதாக இருந்தது. நூலின் அரைப் பக்கத்தில், முட்டுச்சுவர் கயிற்று இழுவைக்காகக் கட்டப்பட்டதாகத் தோன்றுகிறது, காலம் தெரியவில்லை என்று எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறேன். மூன்றாவது வழுக்கி வேஸ்பருக்கும் திருவிழாச் சுற்று முடிந்ததற்கும் இடையில் உடைந்தது. கூடு தட்டி உடைந்ததா, சுவர் அசைந்து உடைந்ததா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.